அமுச்சியின் காபி மெஷினும் எட்டு மைக்ரானும்

எஸ்பிரெஸோ மெஷினில் இறக்கிய முதல் ஷாட், அதாவது முதல் கப் காபி, 9 வினாடியில் கொட்டித் தீர்ந்தது. அதே கொட்டையை, அதே மிக்ஸி ஜாரில், இன்னும் பத்து வினாடி கூடுதலாக ஓடவிட்டு அரைத்தேன். இரண்டாவது ஷாட் ஒரு நிமிடம் ஆகியும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. முதலாவது புளித்தது, இரண்டாவது கசந்தது. சரி, நடுவில் பிடிப்போம் என்று மூன்றாவது போட்டால் அதில் புளிப்பும் கசப்பும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

சித்தப்பா பையன் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது என்னிடம் விட்டுப்போன பழைய இத்தாலிய எஸ்பிரெஸோ மெஷின் அது. தூள் போடுகிற கூடை 58 மி.மீ., ஒற்றைச் சுவர். மெஷினை ஓசியில் கொடுத்தவன் கிரைண்டரை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு போனபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மிக்ஸியில் அரைத்த தூளை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி ஸ்பூன் முதுகால் பரப்பிப் பார்த்தேன். டீ வடிகட்டியில் நிற்கும் அளவுக்குக் குருணைகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவே முகப்பவுடர் மாதிரி மாவு. மிக்ஸி பிளேடு அடித்து உடைக்கும். எதை எத்தனை தடவை அடித்தோம் என்ற கணக்கு அதனிடம் கிடையாது. பர் கிரைண்டர் அப்படியில்லை. அது நம் வீட்டுத் திருகைதான், இரும்பில் செய்தது; அதன் பல் வைத்த இரண்டு கற்களுக்குத்தான் பர் என்று பெயர். மேல் கல்லுக்கும் கீழ்க் கல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அந்த அளவுக்கு உடைந்த பிறகுதான் துகள் வெளியே வர முடியும். உளுந்து உடைக்கிற திருகையில் முளைக்குச்சியில் துணி சுற்றி இடைவெளியைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பில்டர் காபிக்கு இவ்வளவு அமர்க்களம் தேவைப்படாததற்குக் காரணம் உண்டு. பித்தளை பில்டரில் தூளுக்கு மேல் நிற்பது இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர். அது தன் பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இறங்கும். தூள் கொஞ்சம் முன்பின் இருந்தால் டிகாக்ஷன் ஒரு நிமிடம் முன்போ பின்போ இறங்கும், அவ்வளவுதான். எஸ்பிரெஸோவில் 9 பார் அழுத்தம். சுமார் 90 மீட்டர் உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கட்டி, அதன் குழாயை நேராக இந்தக் கூடைக்குத் திருப்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதற்கு 18 கிராம் தூள் மட்டும்தான் இருக்கிறது. அது 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் காபியாக வடிய வேண்டும். தூளில் ஓட்டை கிடைத்தால் தண்ணீர் அதன் வழியாகப் பாய்ந்துவிடும். மாவு அடைத்துக்கொண்டால் நின்றுவிடும். குருணையும் மாவும் கலந்து கிடந்தால் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கும். என் மூன்றாவது ஷாட்டில் நடந்தது அதுதான்.

அடுத்து கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு காபித்தூள் கடைக்குப் போய்ப் பீபெரி என்ற உருண்டைக் கொட்டை 200 கிராம் வாங்கி, "எவ்வளவு நைசா முடியுமோ அவ்வளவு நைசா அரைச்சுக் குடுங்க, சிக்கரி வேண்டாம்" என்றேன். கடைக்காரர் சிக்கரி வேண்டாம் என்றதற்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு அரைத்துக் கொடுத்தார். நல்ல தூள். ஆனால் 14 வினாடி. இன்னும் நைசாக வேண்டுமென்று இரண்டாம் முறை கேட்டேன். அந்த மெஷினில் நாள் முழுக்கப் பில்டர் தூள்தான் ஓடும். எனக்காக அதைத் திருகிவிட்டால் அடுத்து வருகிறவரின் தூள் கெட்டுப்போகும் என்றார். நியாயம்தான். ஒன்று சொல்ல வேண்டும்: இரட்டைச் சுவர் கூடை என்று ஒன்று உண்டு. அடியில் ஊசிமுனை அளவு ஒரே ஓட்டை, அழுத்தத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். அதைப் போட்டால் கடைத்தூளிலேயே நுரையோடு காபி வந்துவிடும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற வீட்டில் அதுவே போதும். இதற்கு மேல் படித்துச் செலவை இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்குப் போதவில்லை. புத்தி அப்படி.

இந்தச் சமயத்தில்தான் அம்மா பரணைக் காட்டினார். "ஏங்கண்ணு, அமுச்சி வெச்சிருந்த மெஷின் மேல கெடக்குதே, அதுல அரைச்சுப் பாரு."

அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வைத்திருந்த மெஷின் வார்ப்பிரும்பு. மேலே புனல், முன்னால் கைப்பிடி, கீழே தூள் விழுகிற தகரத்தட்டு. மேஜை ஓரத்தில் இரண்டு போல்ட் போட்டு மாட்டவேண்டும். கைப்பிடிக்கு நடுவில் ஒரு காதுத் திருகு. அதை முறுக்கினால் தண்டு உள்ளே தள்ளி, சுழலும் தட்டை நிலைத்தட்டோடு நெருக்கும். அதாவது இதுவும் பர் கிரைண்டர்தான், எங்கள் வீட்டிலேயே அறுபது வருடமாகக் கிடந்திருக்கிறது. அன்று இரவு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிரித்தெடுக்க ஒரு மாலை போயிற்று. புளிக்கரைசலில் இரண்டு தட்டுகளையும் ஓர் இரவு ஊறவைத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்ததும் துரு விட்டது. உடனே கொதிநீரில் அலசி, அடுப்பில் சூடு காட்டி உலர்த்தினேன். அப்படியே விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி செம்பழுப்பு ஏறியிருக்கும். தேங்காயெண்ணெய் தடவலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அது காறிப்போனால் அந்த வாடை காபியில்தான் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக, பழசாகிப்போன கால் கிலோ கொட்டையை அரைத்துக் கொட்டினேன். கொட்டையில் இருக்கிற எண்ணெயே போதுமான பூச்சு.

மாட்டி ஆட்டிப் பார்த்தால் தண்டு லொடலொடவென்று ஆடியது. தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த அண்ணன் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இது மசாலாவுக்குங்களா?"

"காபிக்குங்ணா."

"காபித்தூளு கடைல விக்குதுங்களே."

கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புஷ் கடைந்து தருகிறேன் என்றார். பட்டறைகளில் புஷ்ஷுக்கு வழக்கமாக எடுக்கிற கன்மெட்டலில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் இருக்கும். தண்டு புனலுக்கு அடியில், கொட்டை விழுகிற வழியிலேயே ஓடுகிறது. வேண்டாம் என்று சொல்லி டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் ராடில் கடையச் சொன்னேன். நைலானும் வைத்திருந்தார், அது ஈரம் குடித்து உப்பும், டெல்ரின் அந்த அளவுக்கு உப்பாது. அரைமணி நேர வேலை. ஆட்டம் நின்றது. அண்ணன் நுண்ணிய அசைவை அளக்கிற டயல் கேஜை வைத்துத் தண்டைத் தள்ளிக் காட்டினார். முள் நூலளவு அசைந்து நின்றது.

அப்போதுதான் அவர் சும்மா இருக்காமல் திரெட் கேஜை எடுத்துக் காதுத் திருகின் மரையில் வைத்துப் பார்த்தார். "இங்கிலீசு மரைங்க. அங்குலத்துக்கு இருவது."

அந்த ஒரு வரி என் சந்தோஷத்துக்கு வைத்த வேட்டு என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. அங்குலத்துக்கு 20 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகர்வது 1.27 மி.மீ., அதாவது 1270 மைக்ரான். கால் சுற்று திருகினால் 300 மைக்ரானுக்கு மேல். எஸ்பிரெஸோவில் ஷாட் நேரத்தை இரண்டு மூன்று வினாடி நகர்த்த 10, 15 மைக்ரான் போதும். கால் சுற்றில் முப்பது படி தேவைப்படும் இடத்தில் என் கையில் இருந்தது வெறும் காதுத் திருகு.

சரி, படியைச் செய்துவிடலாம் என்று 72 கோடு போட்ட ஒரு வட்டக் காகிதத்தை அச்சடித்து, லேமினேட் செய்து, திருகுக்கு அடியில் ஒட்டினேன். ஒரு கோட்டுக்கு 5 பாகை, கிட்டத்தட்ட 18 மைக்ரான். திருகின் காதில் ஒரு தையல் ஊசியை முள்ளாகக் கட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தது. 31ஆம் கோட்டில் வைத்து, திருகு நகராமல் இருக்கப் பூட்டு நட்டை முடுக்கினேன். முடுக்கும்போதே முள் 33க்கு நகர்ந்தது. 29இல் வைத்து முடுக்கினால் 31க்கு வரும் என்று கணக்குப் பண்ணினேன். வந்தது. அடுத்த தடவை 32க்குப் போயிற்று.

அதையும் மீறி ஒரே கோட்டில் வைத்து மூன்று ஷாட் போட்டேன்: 14 வினாடி, 31, 19. ஒரே கணக்கை மூன்று தடவை போட்டாலும் மூன்று விடை வருகிற மாதிரி.

மறுபடி பட்டறை. இந்தத் தடவை அண்ணன் தண்டில் தட்டைப் பொருத்தி, டயல் கேஜ் முள்ளைத் தட்டின் முகத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினார். தண்டு நேராகத்தான் ஓடியது. தட்டுதான் கோணல். ஒரு சுற்றுக்குள் முகம் 0.15 மி.மீ. முன்னும் பின்னும் போய் வந்தது. அதாவது நான் 18 மைக்ரான் கோடு போட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி தானாக 150 மைக்ரான் திறந்து மூடிக்கொண்டிருந்தது. முகத்தைக் கடைந்து நேராக்கலாமே என்றேன். "கடைஞ்சா பல்லு போயிருமுங்க. அப்புறம் வழவழன்னு தட்டு மட்டுந்தான் இருக்கும்." அத்தோடு பிடிவாதத்தை விட்டேன். அமுச்சி மெஷினில் குற்றமில்லை. அது பில்டர் காபிக்காகப் பிறந்தது, நான்தான் அதைப் பந்தயத்துக்கு இழுத்தேன். இப்போது காலைக் காபிக்குத் தூள் அதில்தான் அரைபடுகிறது. கோடு போட்ட காகிதமும் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு 50ஆம் கோடு.

இந்தத் தோல்வியில் கிரைண்டர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. விளம்பரங்கள் எல்லாம் "எஸ்பிரெஸோ அளவுக்கு நைசாக அரைக்கும்" என்று சொல்கின்றன. நைசாக அரைக்க அனேகமாக எந்த பர் கிரைண்டராலும் முடியும். இரண்டு பர்ரும் உரசுகிற வரை திருகினால் மாவுதான். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எத்தனை மைக்ரான் என்பதுதான் கேள்வி. அடுத்தது, பர் ஆடாமல் நேராகச் சுற்றுகிறதா என்பது. மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கடைப் பட்டியல் தானாகச் சுருங்கியது. டைம்மோர் சி2 மாதிரியான கைக்கிரைண்டர்கள் பில்டருக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸுக்கும் நல்ல பொருள்தான், ஆனால் எஸ்பிரெஸோவுக்குப் படி பெரியது. அதனால்தான் அவர்களே பின்னால் படியைச் சிறிதாக்கி சி3 இஎஸ்பி என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். கமாண்டாண்டேயில் ஒரு கிளிக், அதாவது ஒரு படி, 30 மைக்ரான். ரெட் கிளிக்ஸ் என்ற மாற்று அச்சைத் தனியாக வாங்கிப் போட்டால் 15. கிங்கிரைண்டர் கே6இல் 16. ஒன்ஸெட்பிரெஸ்ஸோவின் ஜேஎக்ஸ்-புரோவில் 12.5, ஜே-அல்ட்ராவில் 8. இந்த எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. அவை பர் மேலும் கீழும் நகரும் தூரம். கூம்பு பர்ரில் சுவர் சாய்வாக இருப்பதால் உண்மையான இடைவெளி அதைவிடக் குறைவாகத்தான் மாறும். ஆகவே வேறு வேறு வடிவ பர்களின் எண்ணை அப்படியே ஒப்பிட்டு ஒன்றும் முடிவுகட்ட முடியாது. எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரக் கிரைண்டர்களில் பராட்ஸா என்கோர் 40 படி. அதே உடம்பில் வந்த என்கோர் இஎஸ்பியிலும் 40தான், ஆனால் முதல் 20 படியை எஸ்பிரெஸோவுக்கென்று நெருக்கி வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பெயரைக் கவனிக்காமல் வாங்கிவிடக் கூடாது. டிஎஃப்64இல் 64 மி.மீ. தட்டை பர், நீஷ் ஜீரோவில் 63 மி.மீ. கூம்பு பர், இரண்டிலும் படியே கிடையாது, வளையத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் மின்சாரக் கிரைண்டர் சொல்லிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இங்கே 230, 50. நேராகச் சொருகினால் புகைதான்.

தட்டை பர்ரா கூம்பு பர்ரா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். தட்டையில் சுவைகள் தனித்தனியாகத் தெரியும், கூம்பில் காபி வாயில் கனமாக நிற்கும் என்பது பேச்சு. லேசாக வறுத்த கொட்டையைப் பாலில்லாமல் குடிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பொருட்டாக இருக்கலாம். ஏற்காட்டுக் கொட்டையை நடுத்தரத்துக்கு மேல் வறுத்து, இரண்டில் ஒரு கப்பைப் பாலோடு குடிக்கிற என் நாக்குக்கு அது தெரியாது. தெரிகிற மாதிரி நடிக்கவும் இஷ்டமில்லை.

நான் வாங்கியது ஜே-அல்ட்ரா. கைக்கிரைண்டர், 48 மி.மீ. கூம்பு பர். மோட்டாருக்குக் கொடுக்க வேண்டிய காசு பர்ருக்கும் பேரிங்குக்கும் போகிறது என்பது ஒரு காரணம். உள்ளே தூள் தங்காது என்பது இன்னொன்று. கொட்டைத் தொட்டி வைத்த பழைய மாடல் மின்சாரக் கிரைண்டர்களில் வழியிலேயே ஒன்றிரண்டு கிராம் தூள் தேங்கும், காலையில் முதல் ஷாட்டில் நேற்றையது கலந்துவரும். தினம் இரண்டு ஷாட் போடுகிற வீட்டுக்கு அது பெரிய விகிதம். கைக்கு வேலை உண்டுதான்: என் கொட்டை 18 கிராமுக்கு ஏறத்தாழ 50 வினாடி, லேசாக வறுத்தது என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் போகும், தோளும் சேர்ந்து வேலை செய்யும். வீட்டில் ஐந்து பேருக்கு எஸ்பிரெஸோ போடுவதாக இருந்தால் நான் மோட்டாரைத்தான் வாங்கியிருப்பேன்.

பெட்டி வந்த அன்று எழுதி வைத்த குறிப்பு இது. கொட்டை வறுத்து 12 நாள். 18.0 கிராம் உள்ளே, 36 கிராம் வெளியே. முதல் ஷாட் 17 வினாடி, எலுமிச்சைப் புளிப்பு. நான்கு கிளிக் உள்ளே: 23 வினாடி, புளிப்பு தணிந்தது. இன்னும் இரண்டு கிளிக்: 28 வினாடி. அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு தடவை திரும்பப் போட்டேன்: 27, 28. அமுச்சி மெஷினின் 14, 31, 19க்குப் பக்கத்தில் இந்த 28, 27, 28ஐ எழுதியபோது கிடைத்த நிம்மதி காபியிலிருந்து கிடைத்ததைவிடப் பெரிது. சுவை: வெல்லப்பாகு, முடிவில் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்.

ஆடிக்காற்று அடிக்கிற நாட்களில் ஒரு தொல்லை வந்தது. தூள் கிரைண்டர் கிண்ணத்தின் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு, தட்டினால் மேடையெங்கும் சிதறியது. நிலைமின்சாரம். கொட்டை ஒன்றோடொன்றும் உலோகத்தோடும் உரசும்போது உண்டாவது. இதற்கு வழி தெரிந்ததுதான்: ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டையில் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு அரைக்க வேண்டும். ஓரிகான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் ஹெண்டன் குழு எரிமலைச் சாம்பலின் மின்னூட்டத்தை ஆராய்கிறவரையும் சேர்த்துக்கொண்டு இதை அளந்தே பார்த்தார்கள். கட்டுரை 2023இல் வந்தது. ஈரம் சேர்ந்தால் மின்னூட்டம் குறைகிறது, தூள் கட்டி தட்டுவதும் குறைகிறது, அதனால் தண்ணீர் தூள் முழுவதையும் சீராக நனைத்து இறங்குகிறது. எனக்கும் நனைத்த கொட்டையில் அதே கிளிக்கில் இரண்டு மூன்று வினாடி கூடுதலாகிறது. ஒரு சொட்டுதான், அதற்கு மேல் போனால் ஸ்டீல் பர்ருக்கு நல்லதில்லை.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்துச் சுத்தம் செய்யலாம் என்று முழுவதும் பிரித்தேன். பிரஷ்ஷால் துடைத்து, கழுவாமல், திரும்ப மாட்டினேன். மறுநாள் அதே எண்ணில் ஷாட் 11 வினாடியில் ஓடியது. கொட்டையைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன். கடைசியில் மேஜை விளிம்பில் பாத்திரம் துடைக்கிற துணிக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் கிடைத்தது. அது இல்லாமல் பர் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறேன். மாட்டி முடித்ததும் கைப்பிடி இறுகுகிற இடம் வரை மெல்லத் திருகி, பூஜ்யம் பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொட்டை போடுவது.

தூளைக் கூடையில் கிளறிவிட ஒரு கருவி விற்கிறார்கள். பாட்டில் கார்க்கில் மெல்லிய அக்குபங்சர் ஊசி நான்கைக் குத்தி நானே செய்துகொண்டேன். வேலை செய்கிறது.

லேத் அண்ணன் போன வாரம் இந்தப் பக்கம் வந்தவர் வீட்டுக்கு வந்தார். புதுக் கிரைண்டரைக் கையில் வாங்கி, காதருகே வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். கழற்றச் சொல்லி பர்ரை வெளிச்சத்தில் பிடித்துப் பல்லைப் பார்த்தார். "நல்லா கடைஞ்சிருக்கானுங்க" என்றார், அவ்வளவுதான் பாராட்டு. எஸ்பிரெஸோவைக் கொடுத்தேன். கப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"இத்தனூண்டுங்களா?"

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய், 50ஆம் கோட்டில் அரைத்த தூளில் ஒரு டம்ளர் காபி கலந்து கொண்டுவந்தார். அண்ணன் அதைக் குடித்து முடித்தார். என்னுடையதையும் நான் குடித்துவிட்டேன். பை திறந்து மூன்று வாரமாகிவிட்டதால் அது 24 வினாடியில் ஓடியிருந்தது. நாளைக்கு இரண்டு கிளிக் உள்ளே.